பலே பாண்டியா: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரங்களில் பழைய படங்களை நான்கைந்து வீட்டார் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அப்படி அமரும்போது ‘பலே பாண்டியா’ ஓடினால் ஆச்சிமாரும் பேரப்பிள்ளைகளும் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். அக்கேள்விகளுக்கு நெடுநாளாக விடை சொல்லி வருபவன் என்ற முறையில் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இப்படத்தை விரும்பிப் பார்ப்பவர்களுக்காகவும், ஒரே ஒரு பாட்டோடு நிறுத்திக்கொண்டவர்களுக்காகவும் எழுதியது இது.

இது எந்தக் காலத்துப் படம்? யார் யார் சேர்ந்து உருவாக்கினார்கள்?

பி. ஆர். பந்துலு தம்முடைய பத்மினி பிக்சர்ஸ் நிறுவனத்தின் சார்பில் தயாரித்து இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம் இது. 1962 மே 26 அன்று வெளிவந்தது. சிவாஜி கணேசன் மூன்று வேடங்களிலும், எம். ஆர். ராதா இரண்டு வேடங்களிலும் நடித்தார்கள். தேவிகா கதாநாயகி. பின்னாளில் தயாரிப்பாளராகவும் பெயர் பெற்ற கே. பாலாஜியும், வசந்தியும் மற்றொரு காதல் இணையாக வருகிறார்கள். இசை விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவருடையது, பாடல்கள் கண்ணதாசனுடையவை.

முடிவைச் சொல்லாமல் கதையைச் சொல்ல முடியுமா?

முடியும். தனக்கு இனி வழியே இல்லை என்று நம்பிவிட்ட பாண்டியன் என்ற அப்பாவி உயிரை விடத் துணிகிறான். அந்த வேளையில் கபாலி என்பவன் குறுக்கிட்டு, சாவதைக் கொஞ்சநாள் தள்ளிவைத்துவிட்டு அதுவரை நன்றாக வாழ்ந்து பார்க்கும்படி சொல்கிறான். கேட்பதற்குக் கருணையாகத் தோன்றும் இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கபாலி ஒரு குற்றக் கூட்டத்தின் தலைவன். அவனிடம் இருக்கும் முரடன் மருதுவும் இந்தப் பாண்டியனும் ஒரே அச்சில் வார்த்த முகம் உடையவர்கள். இப்படியொரு சாயல் கைக்குக் கிடைத்தால் அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பதுதான் கபாலியின் யோசனை.

இதற்கிடையில் பாண்டியன் கீதாவைக் காண்கிறான், காதல் பிறக்கிறது. வாழ்வதற்கு ஒரு காரணம் கிடைத்த பிறகு, சாவதாக ஒப்புக்கொண்ட வாக்கு அவனுக்குச் சுமையாகிறது. கீதாவின் தந்தை அமிர்தலிங்கம் பிள்ளைக்கோ கபாலியின் முகம். இது போதாதென்று சங்கர் என்ற விஞ்ஞானி மூன்றாவது முகமாக வந்து முடிச்சை இன்னும் இறுக்குகிறான். யார் எவர் என்பது பார்வையாளர்களாகிய நமக்குத் தெரியும், திரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்ற நிலையிலேயே படத்தின் பெரும்பகுதி நடக்கிறது.

அப்படியானால் இது குற்றக் கதையா, சிரிப்புப் படமா?

இரண்டும்தான், ஆனால் இரண்டும் தனித்தனியாக ஓடவில்லை என்பதே இப்படத்தின் சிறப்பு. அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்கள் பலவற்றில் நகைச்சுவை ஒரு தனித் தடத்தில் நடக்கும். கதாநாயகன் அழுதுகொண்டிருப்பார், அடுத்த காட்சியில் நகைச்சுவை நடிகர் தம் துணையுடன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவார், கதைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இராது. ‘பலே பாண்டியா’வில் சிரிக்க வைப்பவர்கள் கதாநாயகனும் வில்லனுமே ஆவார்கள். குற்றத்தை எடுத்துவிட்டால் சிரிப்பும் போய்விடும்.

ஏனென்றால் இங்கே சிரிப்பு வருவது பயத்திலிருந்து. கபாலியின் எண்ணம் நமக்குத் தெரிந்திருக்கிறது, பாண்டியனோ அதை உபகாரம் என்று நம்பி நன்றி பாராட்டுகிறான். அவன் நன்றி சொல்லச் சொல்ல நமக்கு ஒருபுறம் பதைப்பும் மறுபுறம் சிரிப்பும் வருகின்றன. ஆள்மாறாட்டக் கதைகள் நம் நாடக மேடைக்குப் புதியவை அல்ல. ஆனால் மாறாட்டத்தில் சிக்கியவன் தன் உயிரையே பணயமாக வைத்திருக்கிறான் என்பதும், அது அவனுக்கே முழுதாகத் தெரியாது என்பதும் இக்கதையைச் சாதாரணக் குழப்பக் கதையிலிருந்து உயர்த்திவிடுகின்றன. கத்தி, துப்பாக்கி, இருட்டுச் சந்து ஆகியவற்றை நம்பி எடுத்த படமாக இருந்திருந்தால் 1962ஆம் ஆண்டோடு அது பழசாகியிருக்கும்.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எடுத்தவரா இப்படியொரு விளையாட்டுப் படத்தை எடுத்தார்? நம் ஊர் மக்கள் அதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

நெல்லைச் சீமையில்தான் இந்தக் கேள்வி இவ்வளவு அழுத்தமாகக் கேட்கப்படுகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. பந்துலுவும் சிவாஜியும் சேர்ந்து 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னைத் தந்தார்கள். பாஞ்சாலங்குறிச்சியின் கோட்டையும், 1799இல் கயத்தாற்றில் நடந்த தூக்கும் இப்பகுதியில் பாட்டாகவும் கூத்தாகவும் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த செய்திகள். அவற்றைத் திரையில் கண்டபோது மக்கள் தம் சொந்த வீட்டுக் கதையைக் கண்டது போல உணர்ந்தார்கள். அந்த வேடத்துக்காகச் சிவாஜி 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகராகத் தேர்வு பெற்றார். கயத்தாற்றில் நிற்கும் கட்டபொம்மன் சிலையைப் பின்னாளில் நிறுவியவரும் அவரே.

அடுத்து, 1961 நவம்பரில் ‘கப்பலோட்டிய தமிழன்’ வந்தது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, தூத்துக்குடியில் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, கோவைச் சிறையில் செக்கிழுத்த வ. உ. சிதம்பரனாரின் வாழ்க்கை அது. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான். ஆகவே பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு, ஒட்டப்பிடாரம் ஆகிய எல்லாமே அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம். அந்தப் படம் வசூலில் எதிர்பார்த்த அளவு தேறவில்லை என்றாலும், பார்த்தவர்கள் மனத்தில் சிவாஜியின் முகமே சிதம்பரனாரின் முகமாகப் பதிந்துவிட்டது. ஆறேழு மாதத்துக்குள் அதே முகம் மூன்றாகப் பிரிந்து ‘பலே பாண்டியா’வில் கோமாளித்தனம் செய்கிறது.

நியாயப்படி இது அதிர்ச்சி தந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர்களிடம் பேசிப் பார்த்த வகையில், அப்படியொரு மனத்தாங்கல் இருந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. மாறாக, அவர்கள் சொல்வதெல்லாம் ஒருவித உரிமைப் பேச்சாகவே இருக்கிறது. நம்மைக் கட்டபொம்மனாக நிமிர வைத்தார், சிதம்பரனாராக அழ வைத்தார், இப்போது சிரிக்க வைக்கிறார், இதில் என்ன குறை என்று கேட்கிறார்கள். நான் இதை ஆழமான ரசனை என்றே மதிக்கிறேன். ஒரு நடிகரை ஒரே அச்சில் பூட்டி வைத்துப் பார்ப்பவர்கள் அவர் அச்சு மாறும்போது கோபப்படுவார்கள். அவருடைய கலையை நம்புகிறவர்கள் அந்த மாற்றத்தையே விருந்தாகக் கொள்வார்கள். முந்தைய இரண்டு படங்களில் அவர் எவ்வளவு உயரத்தில் நின்றார் என்பதைக் கண்டிருந்ததால்தான், பாண்டியனாக அவர் தடுமாறுவது இம்மக்களுக்கு இரட்டிப்புச் சுவை தந்தது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பந்துலுவும் சிவாஜியும் 1958இல் ‘சபாஷ் மீனா’ என்ற ஆள்மாறாட்ட நகைச்சுவைப் படத்தைச் சந்திரபாபுவுடன் சேர்ந்து தந்தவர்கள். அதைப் பார்த்திருந்தவர்களுக்குப் பாண்டியன் புதியவனாகத் தோன்றியிருக்க மாட்டான்.

அந்த நாளில் இதுபோன்ற படங்களைக் கிராமத்து மக்கள் எப்படிப் பார்த்தார்கள்?

நகரத்துத் திரையரங்கில் ஓடி முடித்த படம், பிறகு சிற்றூர்களின் டூரிங் கொட்டகைகளுக்கு வந்து சேரும். இடைவெளி மாதக் கணக்கிலும் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். கொட்டகை என்பது கீற்று வேய்ந்த கூரை. பகலில் வெளிச்சம் புகும் என்பதால் மாலையும் இரவும் மட்டுமே காட்சி. தரை டிக்கெட் வாங்கியவர்கள் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வார்கள். பின்னால் இருப்பவர்கள் மறைக்கிறது என்று முணுமுணுப்பார்கள். பெரும்பாலான கொட்டகைகளில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும், விளக்கு எரியும், முறுக்கும் கடலையும் சோடாவும் விலைபோகும்.

இந்த இடைவேளைகள் ‘பலே பாண்டியா’ போன்ற படத்துக்கு எவ்வளவு பொருத்தமானவை என்பதை எண்ணிப் பார்க்கலாம். விளக்கு எரிந்த உடனே, இப்போது போனது மருதுவா பாண்டியனா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் யாரால் இருக்க முடியும்? சரியாகப் பிடித்துக்கொண்டவர் மற்றவருக்கு விளக்கிச் சொல்வார். அடுத்த ரீல் ஓடும்போது கொட்டகை முழுவதும் ஒரே மனமாகக் கபாலிக்கு முன்னால் பாண்டியனை எச்சரிக்கத் தொடங்கிவிடும். ஒற்றையாகக் கைபேசியில் பார்க்கும்போது இந்தப் படம் கொஞ்சம் சோர்வாகத் தெரிவதாகச் சொல்பவர்கள், கூட்டத்தோடு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பாட்டுப் புத்தகத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. சில காசுகளுக்குக் கொட்டகை வாசலில் விற்ற அந்த மெல்லிய புத்தகத்தில் பாதிக் கதை இருக்கும். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். படம் பார்க்கக் காசு இல்லாதவர்களும் பாட்டுப் புத்தகம் வாங்கிப் பாட்டை மனப்பாடம் செய்தார்கள். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் கட்டினால் ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து ஊர் முழுவதும் கேட்பது அதே பாட்டு. கடற்கரைப் பக்கத்து ஊர்களில் இலங்கை வானொலி தெளிவாக எடுக்கும். ஆகவே இப்பகுதியில் பலர் ‘பலே பாண்டியா’வை முதலில் காதால் பெற்று, நெடுநாள் கழித்தே கண்ணால் கண்டார்கள். படத்தைப் பற்றி இவ்வட்டாரத்தார் பேசும்போது காட்சியை விடப் பாட்டே முன்னால் வந்து நிற்பதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

11 நாளில் எடுத்த படம் என்கிறார்களே?

படப்பிடிப்பு 11 நாளில் முடிந்தது என்பது திரையுலகில் நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அந்த ஆண்டு சிவாஜி அமெரிக்க அரசின் அழைப்பை ஏற்று அந்நாட்டுக்குப் பயணம் செய்தார். அவர் புறப்படுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதுதான் அவசரத்துக்குக் காரணம் என்பார்கள். 1962இல் மட்டும் ‘பார்த்தால் பசி தீரும்’, ‘நிச்சய தாம்பூலம்’, ‘படித்தால் மட்டும் போதுமா’, ‘ஆலயமணி’ எனச் சிவாஜியின் படங்கள் வரிசையாக வந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவருக்கு அன்று இருந்த வேலையின் அளவு விளங்கும்.

விரைவாக எடுத்ததன் அடையாளங்கள் படத்தில் உண்டு. பெரும்பாலான காட்சிகள் அரங்குக்குள்ளேயே நடக்கின்றன. கேமரா அதிகம் நகர்வதில்லை. ஆனால் இந்த விரைவு நடிப்புக்கு நன்மையே செய்தது என்று நினைக்கிறேன். நாடக மேடையில் வளர்ந்த சிவாஜி, ராதா இருவரும் எதிரெதிரே நின்று, நீண்ட காட்சியைத் துண்டு துண்டாக வெட்டாமல் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிப்பதைப் பார்க்கும்போது, நிறுத்தி நிதானித்து எடுத்திருந்தால் இந்தச் சூடு ஆறியிருக்குமே என்று தோன்றுகிறது.

மூன்று சிவாஜியை ஒரே காட்சியில் எப்படிக் காட்டினார்கள்? அப்போது கணினி இல்லையே?

அன்றைய முறை மாஸ்க் முறை. கேமராவின் கண்ணில் ஒரு பாதியை மறைத்துவிட்டு மறு பாதியில் நடிகர் ஒரு வேடத்தில் நடிப்பார். பிறகு அதே பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, முதலில் பதிந்த பாதியை மறைத்து, மறைந்திருந்த பாதியில் அவரே மற்றொரு வேடத்தில் நடிப்பார். இரண்டு தடவையும் கேமரா இம்மியும் அசையக்கூடாது. விளக்கின் ஒளி மாறக்கூடாது. நடிகர் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. மற்ற நேரங்களில் முதுகைக் காட்டி நிற்கும் டூப் நடிகரைக் கொண்டு ஈடுகட்டுவார்கள்.

தொழில்நுட்பத்தை விடப் பெரிய வேலை நடிகருடையது. எதிரே யாரும் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்துப் பேச வேண்டும். பிறகு தாம் முன்பு பேசியதற்குத் தாமே பதில் சொல்ல வேண்டும். பாண்டியன், மருது, சங்கர் மூவரையும் ஒப்பனை அதிகம் இல்லாமல், நிற்கும் விதத்தாலும் பார்க்கும் விதத்தாலும் பிரித்துக் காட்டுகிறார் சிவாஜி. ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் எவர் யார் என்று சொல்லிவிடலாம். பின்னாளில் ‘தெய்வ மகன்’ (1969), ‘திரிசூலம்’ (1979) ஆகிய படங்களிலும் அவர் மூன்று வேடம் ஏற்றார். அவற்றுக்கான பயிற்சிக்களம் இங்கேயே தொடங்கிவிட்டது.

எம். ஆர். ராதாவைப் பற்றித் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ‘பாகப்பிரிவினை’யிலும் ‘பாவ மன்னிப்பு’விலும் ராதாவைக் கண்டு பல்லைக் கடித்த அதே மக்கள்தான் ‘பலே பாண்டியா’வைப் பார்க்க வந்தார்கள். கபாலியாக அவர் தோன்றிய கணத்திலேயே இவன் நல்லதுக்கு வரவில்லை என்று தெரிந்துவிடுகிறது. கதை சொல்லி விளக்க வேண்டியதில்லை. பந்துலு இந்த முன்னறிவைத் திறமையாகப் பயன்படுத்துகிறார். அதே முகத்தை ஒரு குடும்பத் தலைவருக்கும் கொடுத்துவிட்டு, இவரை நம்பலாமா கூடாதா என்று நம்மைத் தவிக்க விடுகிறார்.

அமிர்தலிங்கம் பிள்ளை என்ற அந்தப் பெரிய மனிதர் நெல்லைச் சீமை மக்களுக்கு மிக நெருக்கமானவர். வீட்டு முன்வாசலில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி விசாரித்து, அதட்டலும் அன்பும் ஒரே மூச்சில் காட்டும் பிள்ளைவாள்களை டவுன் ரதவீதிகளிலும் பாளையங்கோட்டையிலும் ஒரு தலைமுறை நன்றாக அறியும். கதை எங்கோ நடந்தாலும் அந்தப் பாத்திரம் நம் தெருவிலிருந்து எழுந்து போனது போன்றே இருக்கிறது. ராதாவின் குரல் சட்டென்று கீழே இறங்கி, அடுத்த சொல்லில் கீச்சென்று ஏறும் அந்த ஏற்ற இறக்கத்தை, மிமிக்ரி செய்கிறவர்கள் இன்றும் எடுத்து ஆள்கிறார்கள். ஆனால் அவர்கள் குரலைத்தான் பிடிக்கிறார்கள்; ஒரு வசனத்துக்கு முன் அவர் எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறு மௌனத்தை யாரும் பிடித்ததாக நான் காணவில்லை.

என் கணிப்பில் இந்தப் படத்தின் முதல் வெற்றி ராதாவுடையது. மூன்று வேடம் போட்டவரை இரண்டு வேடம் போட்டவர் சில காட்சிகளில் முந்திவிடுகிறார். அதை அனுமதித்த சிவாஜியின் பெருந்தன்மையையும் சேர்த்தே பாராட்ட வேண்டும்.

‘நீயே உனக்கு என்றும் நிகரானவன்’ பாட்டுக்கு ஏன் இவ்வளவு பேர்?

மாமனாரும் மாப்பிள்ளையும் சங்கீதத்தால் மோதிக்கொள்ளும் பாட்டு அது. சிவாஜிக்கு டி. எம். சௌந்தரராஜன் பாட, ராதாவின் ஜதிக்கு, அதாவது தாளச் சொற்கட்டுக்கு, எம். ராஜு குரல் கொடுத்திருக்கிறார். கர்நாடக இசையின் கட்டுமானத்தைக் கொஞ்சமும் சிதைக்காமல், அதற்குள்ளேயே சிரிப்பை வைத்தார்கள் என்பதுதான் விஸ்வநாதன், ராமமூர்த்தியின் சாதனை. ஸ்வரமும் ஜதியும் முறைப்படி நடக்கின்றன, தாளம் பிசகுவதில்லை, ஆனாலும் ராதாவின் முகத்தையும் தோளையும் கண்ணையும் பார்த்தால் சிரிப்பை அடக்க முடிவதில்லை. இசை தெரிந்தவர்கள் தாளத்தைப் போட்டுக்கொண்டு ரசிக்கிறார்கள், தெரியாதவர்கள் முகத்தைப் பார்த்து ரசிக்கிறார்கள். இரு சாராரும் ஒரே இடத்தில் கைதட்டுகிறார்கள்.

பாட்டின் கடைசியில் மாமா என்றும் மாப்ளே என்றும் இருவரும் மாறிமாறி விளித்துக்கொள்ளும் இடம் இந்தப் பகுதியில் தனி வாழ்வு பெற்றுவிட்டது. நம் பக்கத்தில் மாமன் மாப்பிள்ளை உறவில் கேலிக்கு எப்போதும் இடம் உண்டு. உறவே இல்லாத நண்பர்கள்கூட ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் அழைக்கிறார்கள். கல்யாண வீட்டில் மாமனாரையும் மாப்பிள்ளையையும் அருகருகே உட்கார வைத்துவிட்டு இந்தப் பாட்டைப் போட்டுவிடும் குறும்பு, ஒலிபெருக்கி போய் ஸ்பீக்கர் பெட்டி வந்த பிறகும் நிற்கவில்லை.

மற்றப் பாடல்கள்?

‘அத்திக்காய் காய் காய்’ பாட்டை டி. எம். சௌந்தரராஜன், பி. சுசீலா, பி. பி. ஸ்ரீனிவாஸ், ஜமுனா ராணி ஆகிய நால்வர் பாடினார்கள். காய்களின் பெயரை அடுக்கிக்கொண்டே நிலவிடம் காதல் பேசும் கண்ணதாசனின் கைவண்ணம் அது; தமிழாசிரியர்கள் சிலேடைக்கு எடுத்துக்காட்டாக அதை வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். ‘வாழ நினைத்தால் வாழலாம்’ படத்தின் உயிரான கருத்தைத் தாங்கி நிற்கிறது. ‘நான் என்ன சொல்லிவிட்டேன்’, ‘ஆதி மனிதன் காதலுக்குப் பின்’ ஆகிய இரண்டும் இனிமையானவை. ‘யாரை எங்கே வைப்பது என்று’ பாட்டை, ஊர்ப் பெரியவர்கள் அரசியல் பேசும்போதெல்லாம் இழுத்துக்கொள்வார்கள்.

படத்தின் தொடக்கத்தில் ஒருவன் தற்கொலைக்கு முயல்கிறானே, பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பார்க்கலாம்; ஆனால் பெரியவர்கள் உடன் இருந்து பார்க்க வேண்டும். அந்தக் காட்சியைப் படம் சாவின் பக்கம் சாய்ந்து சொல்லவில்லை. தன் உயிருக்கு மதிப்பில்லை என்று நினைத்தவனின் உயிரைப் பறிக்க ஒருவன் திட்டம் போடுகிறான். அதைக் காக்க வேறு சிலர் வருகிறார்கள். அவனுக்கே வாழும் ஆசை பிறக்கிறது. படம் முழுவதும் அந்த ஆசை வளர்வதைத்தான் காட்டுகிறது. எனினும் வீட்டில் அண்மையில் அத்தகைய துயரம் நேர்ந்திருந்தால் இந்தப் படத்தை அப்போது தவிர்ப்பதே நல்லது. பிள்ளைகள் கேள்வி கேட்டால் பேச்சை மாற்றாமல், மனம் மிகவும் நொந்தால் வீட்டாரிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்ல வேண்டும் என்று தெளிவாகக் கூறிவிட வேண்டும்.

குறைகளே இல்லையா?

இருக்கின்றன. பிற்பகுதியில் முடிச்சுகளை அவிழ்க்கும் வேகம் முற்பகுதியில் முடிச்சுப் போட்ட அழகுக்கு ஈடாக இல்லை. சங்கர் என்ற மூன்றாவது பாத்திரம் மற்ற இருவரைப் போல ஆழமாக எழுதப்படவில்லை. சாயல் குழப்பத்துக்கு அவன் தேவைப்படுகிறானே தவிர, அவனுக்கென்று ஒரு மனம் நமக்குக் கிடைப்பதில்லை. தேவிகாவுக்கு நகைச்சுவையில் பங்கு குறைவு. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் அதே ஆண்டு அவர் காட்டிய ஆற்றலை அறிந்தவர்களுக்கு இது வருத்தமாகவே இருக்கும். ஒரே சாயலில் இத்தனை பேர் எப்படி என்று தர்க்கம் கேட்பவர்களுக்குப் படத்தில் பெரிய சமாதானம் எதுவும் இல்லை. அந்தச் சமாதானத்தைத் தேடி இந்தப் படத்துக்கு வருவதும் பொருத்தமில்லை.

2010இல் வந்த ‘பலே பாண்டியா’ இதன் மறு ஆக்கமா?

இல்லை. விஷ்ணு விஷால் நடித்த அந்தப் படம் தலைப்பைப் பகிர்ந்துகொண்ட வேறொரு கதை.

அறுபதுகளின் குற்றக் கதைகளில் அடுத்து எதைப் பார்க்கலாம்?

சிரிப்பு வேண்டுமானால் பின்னோக்கிச் சென்று ‘சபாஷ் மீனா’. துப்பறிதலும் சாகசமும் வேண்டுமானால் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ ஆகிய இரண்டும் 1966இல் ஜெய்சங்கர் நடித்து வந்தவை. பந்துலு, சிவாஜி கூட்டணியின் போக்கைத் தொடர விரும்புகிறவர்கள் 1964இன் ‘கர்ணன்’, ‘முரடன் முத்து’ இரண்டையும் பார்க்கலாம். அதற்கடுத்த ஆண்டே பந்துலு ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துக்காக எம். ஜி. ஆருடன் சேர்ந்துவிட்டார்.

இன்றைய இளைஞர்களுக்கு இந்தப் படம் பிடிக்கிறதா?

முதல் அரைமணி நேரம் கொஞ்சம் பொறுமை வேண்டும் என்று கல்லூரி மாணவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், வசனம் நிதானமாக நடக்கிறது. ஆனால் கபாலியின் திட்டம் பிடிபட்ட பிறகு யாரும் எழுந்து போவதில்லை. மீம்களில் ராதாவின் முகத்தைப் பார்த்துப் பழகியவர்கள், அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு படத்துக்கு வருகிறார்கள். வந்தபின் சிவாஜியைக் கண்டு வியக்கிறார்கள். மிகையாக நடிப்பவர் என்று கேள்விப்பட்டிருந்தவர்களுக்கு, பாண்டியனாக அவர் தோளைக் குறுக்கி, குரலைத் தணித்து, எதிரே இருப்பவருக்கு இடம் விட்டு நடிப்பது புதிய செய்தியாக இருக்கிறது.

முதல்முறை காட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘நீயே உனக்கு’ பாட்டை மட்டும் தனியே எடுத்துக் காட்டாமல், குறைந்தது அதற்கு முன்னால் வரும் அமிர்தலிங்கம் பிள்ளையின் காட்சிகளிலிருந்தாவது தொடங்குங்கள். அந்த மாமனார் யார், இந்த மாப்பிள்ளை எவ்வளவு பெரிய பொய்யின் நடுவே அங்கே அமர்ந்திருக்கிறான் என்று தெரிந்து கேட்டால் ஒவ்வொரு ஜதிக்கும் வேறு பொருள் கிடைக்கும். வீட்டில் எழுபதைத் தாண்டிய ஆச்சியோ தாத்தாவோ இருந்தால் அவர்களை முன்வரிசையில் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்தக் கொட்டகையில் யாரோடு சேர்ந்து இதைக் கண்டார்கள் என்று அவர்கள் சொல்லத் தொடங்கினால் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்கலாம்.